நீடித்து உழைக்கும் பொருள்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கணிதம் பயிலும் மாணவனுக்குப் பொருளியலில் என்ன வேலை என்று நம் பொருளியல் துறைப் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். கேட்டால் அது நியாயமே. ஆனால் இக்கட்டுரை பிறந்த இடம் வகுப்பறை அன்று; எங்கள் வீட்டு அடுக்களை. 2025ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஓர் இரவு எங்கள் ஃபிரிட்ஜ் நின்றுபோயிற்று. அன்றிரவு என் தாயாருக்கும் அண்ணனுக்கும் இடையே ஒரு வழக்கு எழுந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்க்க இயலாமல் நம் கல்லூரி நூலகத்திற்குச் சென்றவன் நான். அங்கே படித்ததையும், நானாகக் கணக்கிட்டுப் பார்த்ததையும், பேருந்தில் வரும்போது கண்டதையும் நண்பர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

குளிர்பதனப் பெட்டி என்று எழுதினால் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் மகிழ்வார்கள். ஆனால் என் தாயாருக்கு விளங்காது. ஆகவே ஃபிரிட்ஜ் என்றே எழுதுகின்றேன்; பொறுத்தருள்க.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் செல்லும் வழியில் ஒரு சிற்றூரில் இருக்கின்றது. தந்தையார் கொத்தனார். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். தாயார் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கின்றார். அரசு வழங்கிய விலையில்லாக் கிரைண்டரில் பக்கத்து வீடுகளுக்கென்று தொடங்கிய வேலை அது; இன்று பெரிய கிரைண்டரில் நாளொன்றுக்கு இருபது கிலோ வரை போகின்றது. மாலையில் அரைத்த மாவு விடிவதற்குள் புளித்துப் பொங்கிவிடாமல் காப்பது ஃபிரிட்ஜ். அது நின்ற இரவில் பன்னிரண்டு கிலோ மாவு வீணாயிற்று.

அண்ணன் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஃபிரிட்ஜின் உட்புறத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே ஒரு பிளாஸ்டிக் கூடு, அதையும் ஏசிக்கு முன்பக்க மூடியையும் செய்து பெரிய தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் இடம். அவர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. அன்றிரவு அவர் சொன்னார்: "இனிமே இதுக்குச் செலவு பண்ணாதம்மா. புதுசு வாங்கிடலாம்."

"பதினோரு வருஷம் உழைச்ச பொருள்டா. ஒரு நாள் மூச்சு நின்னா தூக்கிப் போட்டுடுவியா? மெக்கானிக்கை வரச் சொல்லு."

"எல்லாரும் உன்னை மாதிரியே ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தா எங்க லைன் எப்படிம்மா ஓடும்?"

அண்ணன் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று.

பொருளியல் நூல்கள் நுகர்பொருள்களை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. அரிசி, உப்பு, சோப்பு, தீப்பெட்டி முதலியன பயன்படுத்தும்போதே தீர்ந்துபோகின்றவை. மிதிவண்டி, மின்விசிறி, தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம், கார் முதலியன ஒருமுறை வாங்கிப் பல்லாண்டு பயன்கொள்ளத்தக்கவை. அமெரிக்கப் புள்ளிவிவரத் துறையினர் சராசரியாக மூன்று ஆண்டுகளேனும் உழைப்பவற்றை இரண்டாம் வகையில் சேர்க்கின்றனர். நம் நாட்டில் மாதந்தோறும் வெளியாகும் தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணிலும் இவ்விரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. 2011-12ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட தொடரில் நீடித்து உழைக்கும் நுகர்பொருள்களின் நிறை 12.84 விழுக்காடு, மற்றவற்றின் நிறை 15.33 விழுக்காடு. அதாவது நம் நாட்டுத் தொழில் உற்பத்தியில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றே மிகுதியானது இந்த வகை.

'உழைக்கும்' என்னும் சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகின்றேன். நம் மொழியில் செருப்பு உழைக்கும், புடைவை உழைக்கும், வண்டி உழைக்கும். பொருள் கெடாமல் இருப்பதையும் மனிதன் பாடுபடுவதையும் ஒரே சொல்லால் குறித்தவர்கள் நம் முன்னோர். பொருள் அதிகம் உழைத்தால் அதைச் செய்யும் மனிதனுக்கு உழைப்பு குறையுமா என்பதே அண்ணனின் கேள்வி.

ஈண்டு ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். நாட்டு வருமானக் கணக்கில் ஒரு குடும்பம் வீடு கட்டினால் அது முதலீடு. அதே குடும்பம் ஃபிரிட்ஜோ காரோ வாங்கினால் அது நுகர்வுச் செலவு. அதே காரை ஒரு வாடகைக் கார் நிறுவனம் வாங்கினால் மீண்டும் முதலீடு. பொருள் ஒன்றே, வாங்கியவரைப் பொறுத்துப் பெயர் மாறுகின்றது. என் தாயாரின் ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டிற்குச் சோறு போடும் கருவி. எனினும் அதை வாங்கியபோது கடைக்காரர் வீட்டு உபயோகப் பொருள் என்றுதான் பில் போட்டிருப்பார். கணக்கெடுப்போர் கண்ணிலும் அது நுகர்வுதான். இப்படி எத்தனை வீடுகளில் தையல் இயந்திரமும் கிரைண்டரும் முதலீடாக இருந்துகொண்டு நுகர்வு என்று பெயர் வாங்குகின்றனவோ!

இனிக் கணக்கிற்கு வருவோம். அரிசி வாங்குவதை ஒருவரும் ஓராண்டு தள்ளிப்போட முடியாது. ஃபிரிட்ஜ் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். பழையதை ஒட்டுப்போட்டு ஓட்டலாம். நீடித்து உழைக்கும் பொருளின் இயல்பே இதுதான். இதிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் பிறக்கின்றது.

ஓர் ஊரில் 1,000 வீடுகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் 200 வீடுகளில் ஃபிரிட்ஜ் இருக்கின்றது. ஒன்று பத்தாண்டு உழைக்கும்; அவை வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கப்பட்டவை. எனவே ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 பெட்டிகள், மாற்றப்படும். இந்த ஆண்டு 60 வீடுகள் புதிதாக வாங்குகின்றன. ஆக விற்பனை 80. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 260 வீடுகளில் ஃபிரிட்ஜ் இருக்கும். அந்த ஆண்டில் மாற்றப்படுபவை 26. புதிதாக வாங்குவோர் 40 வீட்டார் மட்டுமே என்று கொள்வோம். விற்பனை 66.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டுகின்றேன். ஊரில் ஃபிரிட்ஜ் உள்ள வீடுகள் 260லிருந்து 300 ஆகப் பெருகியுள்ளன. ஒருவர்கூடத் தம் ஃபிரிட்ஜை இழக்கவில்லை. ஊர் முன்னைவிட வசதியாகவே இருக்கின்றது. ஆனால் தொழிற்சாலையில் விற்பனை 80லிருந்து 66 ஆகி, 17.5 விழுக்காடு வீழ்ந்துவிட்டது! அதே ஆண்டில் அந்த 26 வீட்டாரும் "இன்னும் ஓராண்டு ஓட்டுவோம்" என்று எண்ணிவிட்டால் விற்பனை 40. முந்தைய ஆண்டில் பாதி. பட்டினியில்லை, பஞ்சமில்லை, 26 தாய்மார்கள் மெக்கானிக்கை அழைத்தார்கள், அவ்வளவே.

வகை நுண்கணிதம் பயின்ற நண்பர்களுக்கு இதில் வியப்பிருக்காது. வீடுகளில் உள்ள மொத்தப் பெட்டிகளின் எண்ணிக்கை ஒரு சார்பு என்றால், புதிய விற்பனை அதன் வகைக்கெழு. சார்பு ஏறிக்கொண்டே இருக்கும்போது வகைக்கெழு இறங்கக்கூடும் என்பதை முதலாம் ஆண்டிலேயே படித்தோம். தேர்வில் அதற்கு ஐந்து மதிப்பெண். அண்ணனுக்கு அது மாதச் சம்பளம்.

இதற்கும் அடுத்த படி ஒன்றுண்டு. ஃபிரிட்ஜ் விற்பனை ஏறினால்தான் தொழிற்சாலைக்குப் புதிய அச்சுகளும் இயந்திரங்களும் தேவைப்படும்; விற்பனை அதே அளவில் நின்றாலே போதும், புதிய இயந்திரங்களுக்கான தேவை அற்றுப்போகும். அது வகைக்கெழுவின் வகைக்கெழு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜே. எம். கிளார்க் 1917ஆம் ஆண்டில் இரயில் பெட்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்கினார். இயற்பியலில் முடுக்கம் என்று நாம் படிப்பதன் பெயரையே பொருளியலாரும் இதற்குச் சூட்டியுள்ளனர். உலகப் பெருமந்தத்தின்போது அமெரிக்காவில் கார், லாரி உள்ளிட்ட மோட்டார் வாகன உற்பத்தி 1929இல் ஏறக்குறைய 53 இலட்சமாக இருந்தது. 1932இல் 13 இலட்சத்தளவுக்கு வந்துவிட்டது. அந்நாட்டு மக்கள் உண்ணும் ரொட்டி அப்படி நான்கில் ஒரு பங்காகிவிடவில்லை. ரொட்டியைத் தள்ளிப்போட முடியாது, காரைத் தள்ளிப்போடலாம்.

நம் நாட்டில் ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. உரிமமுறை நிலவிய நாள்களில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பற்றி நம் பேராசிரியர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். வாங்குவோர் வரிசையில் நின்றார்கள். வரிசையிலிருந்து பத்துப்பேர் விலகினாலும் தொழிற்சாலைக்குத் தெரியாது. பதினோராவது ஆள் நிற்பார். அந்த வரிசை வாங்குவோருக்குத் தொல்லை. தொழிலாளிக்கு ஒரு மெத்தை. 1991க்குப் பிறகு வரிசை மறைந்தது. இன்று கடையில் பொருள் காத்திருக்கின்றது, வாங்குவோர் வருவதற்காக. நான் பழைய முறைக்காக வாதாடவில்லை. அக்காலமாயின் எங்கள் வீட்டிற்கு ஃபிரிட்ஜே வந்திருக்காது.

எங்கள் பகுதியின் கதை இம்மாற்றத்தோடு பிறந்தது. இராமாநுசர் அவதரித்த தலம் என்றும், 1991 மே 21இல் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் என்றும் மட்டுமே வெளியூரார் ஸ்ரீபெரும்புதூரை அறிந்திருந்தனர். 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. பிறகு 2000இல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடித் தொழிற்சாலை, 2006இல் நோக்கியா, 2007இல் சாம்சங். ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான் கார்களும், அதையொட்டி அப்பல்லோ டயரும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் வந்தன. சிப்காட் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்பூங்காக்கள் இன்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என நீள்கின்றன. கார், மோட்டார் சைக்கிள், ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம், கைப்பேசி! கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி இவற்றை எண்ணியபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. நம் பகுதியார் பெரும்பாலும் தள்ளிப்போடத்தக்க பொருள்களையே செய்கின்றோம். தஞ்சை மாவட்டத்தார் நெல் விளைவிக்கின்றனர். அவர்களுக்கு வேறு துன்பங்கள் உண்டு. ஆனால் "இந்த ஆண்டு அரிசி வேண்டாம், அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று அவர்களிடம் ஒருவரும் சொல்வதில்லை.

நோக்கியாவின் கதையை யாவரும் அறிவர். எனினும் இங்கே சொல்லத்தான் வேண்டும். உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை செய்தனர். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் பேருந்தில் ஏறி வேலைக்குச் சென்றது அப்போதுதான் முதன்முறை என்று தாயார் சொல்வார். அங்கே செய்த கைப்பேசிகள் கீழே விழுந்தாலும் உடையாதவை என்று பெயர் பெற்றவை. ஆனால் பொருள் உழைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் காலம் முடிந்துவிட்டது. தொடுதிரைக் கைப்பேசிகள் வந்தன. 2014 ஏப்பிரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டபோது, வரி வழக்குக் காரணமாக இந்தத் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நின்றது. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. பின்னாளில் சால்காம்ப் என்னும் சார்ஜர் செய்யும் நிறுவனம் அவ்விடத்தை வாங்கியது. ஃபாக்ஸ்கான் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஐஃபோன் செய்கின்றது. இடம் நிறைந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் 2014இல் முப்பது வயதில் வேலையிழந்த பெண்ணை 2019இல் புதிய நிறுவனம் தேடிச் சென்று அழைக்காது. அவ்விடத்தில் பத்தொன்பது வயதுப் பெண் நிற்பாள். இடத்தின் கணக்கு வேறு, ஆளின் கணக்கு வேறு.

தள்ளிப்போடுதலுக்குக் காரணங்கள் பல. 2020 ஏப்பிரலில் ஊரடங்கின்போது நாட்டின் பெரிய கார் நிறுவனங்கள் உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. அது பெருங்கேடு, அதை விட்டுவிடுவோம். மழைகூடக் காரணமாகலாம். 2025இல் தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் நாளே கேரளத்தில் தொடங்கிவிட்டது. உழவர்களுக்கு நற்செய்தி. ஆனால் அந்தக் கோடையில் ஏசி விற்பனை சரிந்தது. வெயில் அடித்தால்தான் ஏசி விற்கும்! நல்ல செய்திகூடக் காரணமாகலாம் என்பதுதான் வேடிக்கை. அதே ஆண்டு ஆகஸ்டு 15இல் சரக்கு சேவை வரி தீபாவளிக்குள் குறைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் ஏசி, 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சி ஆகியவற்றின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. சிறிய கார்களுக்கும் 18 ஆனது. இடைப்பட்ட ஐந்து வாரமும் வாங்க எண்ணியிருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் அறிவுடைய செயல். நானாயினும் காத்திருப்பேன். ஃபிரிட்ஜுக்கு 2018 முதலே 18 விழுக்காடுதான்; ஆகவே அண்ணனின் லைனில் ஃபிரிட்ஜ் கூடு ஓடிக்கொண்டிருந்தது, ஏசி மூடி நின்றது. ஒரு லைனில் இருந்தவர்களை மறு லைனில் நிறுத்த இடமில்லை. பாதிப்பேரை வரவேண்டாம் என்றார்கள்.

இங்கே ஒப்பந்தத் தொழிலாளி என்ற ஏற்பாடு எதற்கு என்பது விளங்குகின்றது. ஏசி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்குத் தை முதல் சித்திரை வரை வேலை மிகுதி. ஆனி, ஆடியில் குறைவு. நிரந்தரத் தொழிலாளியை ஆடியில் வீட்டிற்கு அனுப்ப முடியாது. ஒப்பந்தத் தொழிலாளியை அனுப்பலாம். விற்பனையின் ஏற்ற இறக்கம் முதலாளியின் கணக்கிலிருந்து அண்ணனின் சாப்பாட்டுத் தட்டிற்கு மாற்றப்படுகின்றது. நிரந்தரத் தொழிலாளிக்கும் எல்லாம் எளிதாகக் கிடைத்துவிடுவதில்லை. சாம்சங் தொழிற்சாலையில் சங்கத்தை ஏற்கவேண்டும் என்று 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் வேலைநிறுத்தம் நடந்தது. 2025 சனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. ஆனால் போராடுவதற்கு அவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயராவது இருந்தது. அண்ணனுக்கு இருப்பது ஒப்பந்தக்காரர் தந்த ஓர் அட்டை.

இனி அண்ணனின் கேள்விக்கு வருகின்றேன். மேற்சொன்ன ஊரில் 1,000 வீடுகளுக்கும் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது என்று கொள்வோம். புதிதாக வாங்குவோர் இல்லை, மாற்றுவோர் மட்டுமே. பத்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 100 விற்கும். பதினைந்து ஆண்டு உழைத்தால் ஏறக்குறைய 67தான் விற்கும். மூன்றில் ஒரு பங்கு வேலை போயிற்று! அண்ணன் சொன்னது கணக்கில் சரியாகவே வருகின்றது. இதை முதலாளிகள் எப்போதோ கண்டுகொண்டனர். 1924இல் ஜெனீவாவில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஃபீபஸ் கூட்டணி என்று அதற்குப் பெயர். அவர்கள் செய்த காரியங்களுள் ஒன்று, ஒரு விளக்கு 1,000 மணி நேரத்திற்கு மேல் எரியக்கூடாது என்று வரையறுத்தது. நன்றாக எரிந்த விளக்கைச் செய்த ஆலைக்குத் தண்டம் விதித்தார்கள்!

அண்ணனும் இதைத்தான் விரும்புகிறாரா என்றால், இல்லை. நான் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் முகம் மாறிற்று. "நாங்க செய்யற கூட்டுல ஒரு கீறல் இருந்தா நானே எடுத்துத் தனியா வெச்சிடுவேன்டா" என்றார். ஒரு ஃபிரிட்ஜ் எப்படி உழைக்கின்றது என்று அவரிடமிருந்துதான் நான் அறிந்தேன். பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி இளக்கி, அச்சின்மேல் வைத்துக் காற்றை உறிஞ்சினால் அது கூடாகப் படிகின்றது. அந்தக் கூட்டிற்கும் வெளியேயுள்ள இரும்புத் தகட்டிற்கும் இடையே இரண்டு திரவங்களைக் கலந்து செலுத்துவார்கள்; அவை நுரைத்துப் பொங்கி இறுகும். குளிரைக் காப்பது அந்த நுரைதான். கூட்டின் மூலையில் தகடு மெலிந்துவிட்டால் சில ஆண்டுகளில் அங்கே வெடிப்பு விழும். ஆகவே மூலைகளை விரலால் தடவிப் பார்ப்பது அவர் வேலை. பத்தாண்டு நிற்பதற்காகத்தான் தடவிப் பார்க்கிறார்.

ஆகவே குறை பொருள் நீடித்து உழைப்பதில் இல்லை என்பது என் முடிவு. மாற்றும் வேலை குறைந்தாலும் அது சீரானது. திடீரென்று பாதியாவது தள்ளிப்போடுதலால்தான். மேலும் நம் நாடு அந்த எல்லைக்கு இன்னும் வெகுதொலைவில் இருக்கின்றது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 100 வீடுகளில் ஏறக்குறைய 38 வீடுகளில்தான் ஃபிரிட்ஜ் இருந்தது. சலவை இயந்திரம் 18 வீடுகளில். கார் 8 வீடுகளில். மீதமுள்ள 62 வீடுகளும் ஃபிரிட்ஜ் வாங்கக் காத்திருக்கும்போது, இருக்கின்ற 38 வீட்டாரின் பெட்டி சீக்கிரம் கெடவேண்டும் என்று வேண்டுவது விந்தையான பொருளாதாரம். அந்த 62 வீட்டார் ஏன் வாங்கவில்லை? அவர்களுள் பலருடைய வருமானம் அண்ணனின் வருமானத்தைப் போன்றதுதான்.

இவ்விடத்தில்தான் சுழல் முழுமை பெறுகின்றது. நாங்கள் கடையில் விசாரித்த புதிய ஃபிரிட்ஜின் விலை 17,700 ரூபாய். அதில் 2,700 ரூபாய் வரி. மாதத் தவணையாகக் கட்டினால் பன்னிரண்டு மாதத்திற்கு 1,475 வீதம். வட்டியில்லாத் தவணை என்று கடையில் எழுதிப் போட்டிருந்தார்கள். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று இல்லை. அது விலைக்குள்ளேயோ கட்டணத்துக்குள்ளேயோ ஒளிந்திருக்கும். 2013இலேயே ரிசர்வ் வங்கி இதைச் சுட்டிக்காட்டி வங்கிகளின் பூச்சிய வட்டித் திட்டங்களைத் தடுத்தது. அது ஒருபுறம் இருக்க, தவணை தவறாமல் கட்ட ஆடியிலும் சம்பளம் வரவேண்டும். அண்ணனால் அந்த உறுதியைத் தர இயலவில்லை. மக்கள் ஃபிரிட்ஜ் வாங்குவதைத் தள்ளிப்போடுவதால் அண்ணனுக்கு வேலை நிற்கின்றது. வேலை நிற்கும் என்ற அச்சத்தால் அண்ணன் வீட்டார் ஃபிரிட்ஜ் வாங்குவதைத் தள்ளிப்போடுகின்றனர். இதே காரணத்தால் எங்கள் தெருவில் எத்தனை வீடுகள் தள்ளிப்போட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் ஒப்பந்த ஆள்களே.

மெக்கானிக் வந்தார். "அக்கா, கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு. பைப்புல லீக், காஸ் போயிடுச்சு" என்றார். பின்புறக் குழாயில் துரு அரித்த இடத்தை வெட்டிப் பற்றவைத்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றிக் காஸ் நிரப்பினார். கதவு ரப்பரையும் மாற்றினார். அந்த மாடலுக்கு ரப்பர் இப்போது வருவதில்லை; வேறொன்றை வெட்டி ஒட்டினார். பழுதுபார்க்கும் உரிமை என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரிப்பாகங்களைப் பற்றிய செய்திகளை நிறுவனங்கள் அதில் தரவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். எங்கள் மெக்கானிக் அதைக் கேள்விப்படவில்லை. அவருக்கு ஆன செலவு, கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். நான்கு ஆண்டு தாங்கும் என்றார். ஆண்டிற்கு 725 ரூபாய் ஆகின்றது. புதியது பத்தாண்டு உழைத்தால் ஆண்டிற்கு 1,770. தாயார் ஐந்தாம் வகுப்புப் படிப்போடு ஒரு நொடியில் போட்ட கணக்கு, நான் தாளில் போட்டபோதும் மாறவில்லை. அந்த 2,900 ரூபாயும் ஊரிலேயே ஒரு மனிதருக்குக் கூலியாயிற்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழுதுபார்த்தலும் வேலைதான், ஆனால் அது தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணில் வராது.

ஆடி மாதத்தில் அண்ணனுக்கு இருபது நாள் வேலை இல்லை. ஆவணியில் ஏசி லைன் நின்றபோது மீண்டும் பன்னிரண்டு நாள். அந்த நாள்களில் விடியற்காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து மாவுப் பொட்டலங்களை எடுத்துச் சைக்கிளில் வைத்துக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டவர் அவர்தான். சுங்குவார்சத்திரத்தில் இரண்டு புதிய கடைகளையும் பிடித்துக் கொடுத்தார். கதவை மூடும்போதெல்லாம் அந்த ஒட்டுப்போட்ட ரப்பரை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பார், அது பழக்கம்.

தை பிறந்ததும் ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கத் தொடங்கினார். அண்ணன் மீண்டும் லைனுக்குப் போகின்றார். தாயார் மாசியில் ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறார். இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய். எடுத்ததும் பெரிய ஃபிரிட்ஜாக ஒன்று வாங்க வேண்டும் என்கிறார். அதுவரை, நான் போட்ட கணக்கில் தள்ளிப்போட்ட 26 வீடுகளுள் ஒன்று எங்களுடையது.